அடுப்புக்காரன் தூங்கும் வீடு

காதலர் தினம் என்று ஒன்றைக் கண்டுபிடித்தவன் யாரோ, அவன் மட்டும் கையில் கிடைத்தால் கேக் அடுப்புக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிடுவேன் என்று அடுப்புக்காரன் சொல்லிக்கொண்டிருந்தான். சொல்வதோடு சரி. கரப்பான் பூச்சியைக்கூடக் காகிதத்தில் ஏந்திக்கொண்டுபோய் வெளியே விடுகிற ஆள் அவன். ஆனால் அந்த வாரம் அவன் பட்ட பாடு அப்படி. கோபம் வராமல் என்ன செய்யும்?

நகரத்துக் கடைகளுக்கெல்லாம் ரொட்டியும் கேக்கும் அனுப்புகிற பெரிய பேக்கரியில் அவனுக்கு ராத்திரி வேலை. மற்ற நாட்களில் வட்டம், சதுரம் என்று ஒழுங்கான அச்சுகள். ஒரு வம்பும் கிடையாது. காதலர் தினம் நெருங்கினால் எல்லாம் இதயம். இதய அச்சைப் போல அடம் பிடிக்கிற அச்சு உலகத்திலேயே இல்லை என்பது அவன் கட்சி. கீழே இருக்கிற கூர்முனை முதலில் வெந்து கருகத் தொடங்கும். மேலே இரண்டு மேடுகளும் அப்போதுதான் மாவாகத் தளதளத்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு அச்சின் முனையிலும் ஈரக் காகிதத்தைச் சுற்றிவிட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் நிற்க வேண்டும். அப்படி நின்றாலும், கவிழ்த்து எடுக்கும்போது சிலதுக்கு முனை முறிந்துபோகும். முனை போன இதயத்தை எந்தக் காதலன் காசு கொடுத்து வாங்குவான்? அதெல்லாம் வேலையாட்கள் வீட்டுக்கு.

அன்று ஞாயிற்றுக்கிழமை. முனை முறிந்த கேக்குகள் ஒரு பெட்டி நிறைய, சட்டை முழுக்க மாவு, கண் இரண்டும் செக்கச்செவேல் என்று விடிந்த பிறகு அடுப்புக்காரன் மாடிப்படி ஏறி வந்தான். கதவைத் தட்டவில்லை. அந்த வீட்டுக் கதவை யாரும் தட்டுவதில்லை.

அந்த வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஊரே விழித்திருக்கும்போது தூங்குகிற மனிதன் இருக்கிற வீடு அது. இருப்பது இரண்டே அறை. உள்ளறையில் அவன் தூங்குவான். முன்னறையில் மற்றதெல்லாம் நடக்கும்: சமையல், துணி மடிப்பது, பாடம், சண்டை, சமாதானம். நடுவில் ஒரு மரக்கதவும், விரலால் தட்டினால் அந்தப் பக்கம் கேட்கிற சுவரும். அதனால் அழைப்பு மணியின் ஒயரைப் பிடுங்கிப் போட்டாகிவிட்டது. நாற்காலிக் கால்களுக்கெல்லாம் பழைய சாக்ஸ் மாட்டியாகிவிட்டது. கதவுக் கீல்களுக்கு வாரம் தவறாமல் தையல் மெஷின் எண்ணெய். விசில் அடிக்கிற குக்கர் அவன் எழுந்த பிறகுதான் அடுப்பேறும். பிள்ளைகள் இரண்டும் பேச்சு திருந்துவதற்கு முன்பே கைஜாடை கற்றவர்கள். வயிற்றைத் தடவினால் பசி. காதை இழுத்தால் அம்மா கூப்பிடுகிறாள். இரண்டு கையையும் உதறினால் கரண்ட் போய்விட்டது. டிவியில் படம் ஓடும், சத்தம் ஓடாது. யார் என்ன பேசுகிறார்கள் என்று பெரியவள் கையாலேயே கதை கட்டிச் சொல்வாள். அவள் சொல்கிற கதைக்கும் ஓடுகிற படத்துக்கும் துளி சம்பந்தம் இருக்காது.

அந்தப் பெரியவளுக்கு வீட்டில் வாத்தியாரம்மா என்று பெயர். படிப்பது மூன்றாம் வகுப்புதான், ஆனால் அதிகாரம் தலைமையாசிரியைக்குரியது. சின்னவள் கடுகு. இன்னும் பள்ளிக்கூடம் போகிற வயசு வரவில்லை.

மனைவி மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். ஞாயிறு அவளுக்கு விடுமுறை. கேக் பெட்டியை வாங்கி வைத்துவிட்டு அவன் கையில் டீயைக் கொடுத்தாள்.

"மத்தியானம் பிள்ளைங்க ஏதோ பண்ணப் போகுதுங்களாம். வாத்தியாரம்மா ஒரு வாரமா காகிதமா வெட்டித் தள்ளுறா."

"என்ன பண்ணப் போறாங்க?"

"காதலர் தினம்."

அடுப்புக்காரன் டம்ளரைக் கீழே வைத்தான். "இந்த வயசுலயா?"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'நமக்கு யாரையெல்லாம் பிடிக்குமோ அவங்களுக்காகக் கொண்டாடுறதும்மா, இதுகூடத் தெரியாதா'ன்னு என்னைத் திருப்பிக் கேக்குறா. அக்கம்பக்கத்துப் பிள்ளைங்களையும் கூப்பிட்டு வச்சிருக்கா."

"இங்க எதுக்கும்மா? பார்க்குக்குக் கூட்டிட்டுப் போயேன். ஒரு நாளாவது வாயைத் திறந்து கத்தட்டும். இந்த வீட்டுல அதுங்களுக்கு என்ன இருக்கு?"

கடைசி வாக்கியத்தை அவன் சொன்ன விதம் அவளுக்குப் பிடிக்கவில்லை. "என்னங்க, உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?"

"தூக்கம் வருது, வேற என்ன."

"சரி, பார்க்கலாம். நீங்க போய்ப் படுங்க."

கடுகு அப்போதுதான் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து வந்தாள். அப்பாவைப் பார்த்ததும் நழுவி அம்மாவின் பின்னால் போய் நின்றாள். தினமும் நடப்பதுதான். சிவந்த கண்ணும் மாவு படிந்த புருவமுமாக ஒருவன் காலையில் வந்து, ஒரு கதவுக்குப் பின்னால் போய், மறுபடி சாயங்காலம் வெளியே வந்து, சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிப் போனால் எந்தக் குழந்தை ஓடிவந்து கட்டிக்கொள்ளும்? அடுப்புக்காரன் பெட்டியிலிருந்து ஒரு கேக்கை எடுத்து நீட்டினான். அம்மாவின் உடைக்குப் பின்னாலிருந்து ஒரு கை மட்டும் வந்து வாங்கிக்கொண்டு போயிற்று.

அவன் உள்ளே போய், ஜன்னலின் கறுப்புத் துணியை இழுத்துவிட்டுப் படுத்தான். படுத்தவுடன் தூங்குகிற ஜென்மம்தான், ஆனால் அன்றைக்கு மனசில் ஒன்று கிடந்து குடைந்தது. மனைவியிடம்கூட அவன் சொல்லாத ஒன்று.

பேக்கரி முதலாளிகள் ரொம்பத் தூரத்தில் வேறோர் ஊரில் புதுக் கிளை திறக்கிறார்கள். அடுப்பை நம்பி ஒப்படைக்க ஓர் ஆள் வேண்டும். மானேஜர் இவனைத்தான் கேட்டிருந்தார். அங்கே பகல் வேலை. தங்குவதற்குப் பேக்கரி மாடியிலேயே ஓர் அறை, ஒற்றை ஆளுக்கு. மாதத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கு வந்து போகலாம். இன்று சாயங்காலத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

பகல் வேலைக்கு ஆசைப்பட்டு அவன் யோசிக்கவில்லை, அது சத்தியம். கொஞ்ச நாளைக்கு முன்னால் ஒரு மத்தியானம் தண்ணீர் குடிக்க எழுந்தவன் ஒன்றைப் பார்த்துவிட்டான். கடுகு ஓடிவந்து நிலைப்படியில் முட்டிக்கொண்டாள். முழங்காலில் ரத்தம். வாயை ஆவென்று திறந்து, முகமெல்லாம் சிவக்க, கண்ணீர் கொட்டக் கொட்ட அழுதாள். சத்தம் மட்டும் வரவில்லை. அப்பா தூங்குகிறார் என்று அந்தப் பிஞ்சு தொண்டையை அடைத்துக்கொண்டு அழுதது. அழுகையைக்கூடப் பிள்ளையிடமிருந்து பிடுங்கிக்கொண்ட பாவி ஆகிவிட்டோமே என்று அன்றிலிருந்து ஒரே அரிப்பு. நாம் போய்விட்டால் நாற்காலி சாக்ஸைக் கழற்றிவிடலாம். மணியில் ஒயரை மாட்டலாம். பிள்ளைகள் கத்தும், பாடும், அழும். இப்போது மட்டும் நம்மை என்ன தெரியும் அவர்களுக்கு? ஒரு சாத்திய கதவைத் தெரியும், அவ்வளவுதான். சாயங்காலம் எழுந்ததும் வருகிறேன் என்று சொல்லிவிட வேண்டியதுதான் என்று முடிவு கட்டிக்கொண்டான். முடிவு கட்டியதும் தூக்கம் வந்து அடித்துப் போட்டது.

தலையணைக்கு அடியில் போன் அதிர்ந்துதான் விழித்தான். மானேஜர். போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, ஊதுகிற குரலில் பேசினான்.

"என்னப்பா, முடிவு பண்ணிட்டியா?"

"சாயங்காலம் சொல்றேன்னு சொன்னேனே சார்."

"மேல இருந்து என் உசுர எடுக்குறாங்க. கொஞ்ச நேரத்துல திரும்பக் கூப்பிடுறேன், சொல்லிடு."

போனை வைத்துவிட்டுப் படுத்தபடியே காதைத் தீட்டிக்கொண்டான். வீடு நிசப்தமாக இருந்தது. சும்மா நிசப்தம் இல்லை. எவ்வளவு அடக்கினாலும் ஒரு வீட்டுக்கு என்று சின்னச் சத்தங்கள் இருக்கும். கரண்டி பாத்திரத்தில் படும், புத்தகத்தின் பக்கம் புரளும், மனைவியின் கால் தரையில் தேயும். அதெல்லாம் அவன் தூக்கத்திலேயே அறிந்த சத்தங்கள். இப்போது அதுவும் இல்லை. ஈ காக்கை இல்லை. ஓகோ, பார்க்குக்குப் போய்விட்டார்கள்.

போகச் சொன்னவன் அவன்தான். சொன்னபடி போயிருக்கிறார்கள், இதில் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? ஆனாலும் மூக்கின் மேல் கோபம் வந்தது. யாரையெல்லாம் பிடிக்குமோ அவர்களுக்காகக் கொண்டாடுகிறார்களாம். கொண்டாட்டத்தில் ஒருத்தன் குறைகிறானே என்று ஒரு ஜீவனுக்காவது தோன்றியதா? நல்லது. அங்கே போய் மாடி அறையில் இருக்கத் தோதான ஆள்தான் நான். மானேஜர் திரும்பக் கூப்பிடும் வரை எதற்குக் காத்திருக்க வேண்டும், ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு நானே கூப்பிட்டுச் சொல்லிவிடுகிறேன் என்று எழுந்தான். கதவை ஒரு விரற்கடை திறந்தான். எண்ணெய் போட்ட கீல், மூச்சுக்கூட விடவில்லை.

திறந்தவன் அப்படியே நின்றான்.

முன்னறை நிறைய ஆட்கள் இருந்தார்கள். ஒருத்தர்கூட அசையவில்லை.

மாடிவீட்டுப் பையன் ஒருவன் இருக்கிறான். அந்தக் கட்டடத்திலேயே அவனைப் போலத் தொண்டை கிழியக் கத்துகிறவன் கிடையாது. லவுட்ஸ்பீக்கர் என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். அவன் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தான், வாயை இறுக்கி மூடிக்கொண்டு. எதிர்வீட்டு இரட்டைப் பெண்கள் இரண்டு பேரும் கைகளைத் தலைக்கு மேல் தூக்கியபடி உறைந்திருந்தார்கள். கடுகு குனிந்த வாக்கில் நின்றாள். எல்லாருக்கும் நடுவில் அவன் மனைவி, தலையில் காகிதக் கிரீடத்தோடு, ஒரு கை இடுப்பிலும் மறுகை காற்றிலுமாக, கண்கூடக் கொட்டாமல் நின்றாள்.

என்ன ஆயிற்று இவர்களுக்கு? இருட்டு அறையிலிருந்து வெளிச்சத்தைப் பார்க்கிறவன் அவன். அவர்களுக்கு அவன் தெரியவில்லை. மெல்ல மெல்லக் கண் பழகியது. பழகப் பழக ஒவ்வொன்றாகத் தெரிந்தது. எல்லார் காலிலும் சாக்ஸ். எல்லாம் அவனுடைய பழைய பேக்கரி சாக்ஸ். லவுட்ஸ்பீக்கருக்கு அது முழங்கால் வரை ஏறியிருந்தது. விளையாட்டில் தோற்றவர்கள்போல, மூலையில் இரண்டு பொடிசுகள் உட்கார்ந்து, மெல்லுகிற ஓசைகூடக் கேட்காமல் கேக் தின்றுகொண்டிருந்தன. மேலே மின்விசிறியிலிருந்து சிவப்புக் காகித இதயங்கள் நூலில் தொங்கின. ஒன்றுக்குக்கூட முனை இல்லை. எல்லாம் அடியில் மொட்டையாக வெட்டப்பட்டிருந்தன. பிறந்ததிலிருந்து அப்பா கொண்டுவந்த இதயத்தையே பார்த்து வளர்ந்த பிள்ளைகள்; இதயம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

வாத்தியாரம்மா மட்டும் ஆட்டத்தில் இல்லை. அவள் உள்ளறைச் சுவரில் காதை ஒட்டிக்கொண்டு நின்றாள். முகத்தில் பரீட்சை ஹாலில் நிற்பவளின் கண்டிப்பு. அம்மாவைப் பார்த்து, உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்துச் சாய்த்துக் காட்டினாள்: தூங்குகிறார். பிறகு மூக்குக்கு முன்னால் விரலை அலை அலையாக ஆட்டி, சட்டென்று நிறுத்திக் காட்டினாள். மனைவி உதட்டை மட்டும் அசைத்தாள்: இரு.

என்ன ஜாடை இது? இந்த ஜாடை அவனுக்குத் தெரியாதே. ஆச்சரியத்தில் மூச்சு மூக்கில் எங்கோ சிக்கி, அவனையறியாமல் 'கர்ர்' என்று ஒரு சத்தம் வந்தது.

அவ்வளவுதான். லவுட்ஸ்பீக்கரின் தூக்கிய கால் இறங்கியது. இரட்டையர் இடுப்பை வளைத்தார்கள். அறை முழுக்க ஒரே நேரத்தில் அசைந்தது. அடுப்புக்காரன் பயந்துபோய் மூச்சை நிறுத்தினான். அறை முழுக்க நின்றது.

அடப்பாவிகளா.

அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. பாட்டு நின்றால் சிலையாக நிற்க வேண்டும், பாட்டு வந்தால் ஆட வேண்டும். எல்லாப் பிள்ளைகளும் விளையாடுகிற விளையாட்டுத்தான். இந்த வீட்டில் பாட்டு வைக்க முடியாது. அதனால் இவர்கள் இருக்கிற பாட்டுக்கு ஆடுகிறார்கள். இருக்கிற பாட்டு அவன் குறட்டை.

நம்பிக்கை வராமல் மறுபடி ஒன்று விட்டுப் பார்த்தான். கதவிடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டு, மூக்கால் இழுத்து, நீளமாக ஒரு பொய்க் குறட்டை. இழுக்க இழுக்க, அத்தனை பேரும் நுனிக்காலில் எழும்பினார்கள். கைகள் மெல்ல மேலே போயின. இழுப்பின் உச்சியில், நிஜக் குறட்டை சிக்குகிற இடத்தில், அவன் சிக்காமல் இழுத்தும் எல்லார் தோளும் ஒரு வெட்டு வெட்டியது. மூச்சை விட்டான். அத்தனை கைகளும் ஒன்றாக இறங்கின. மாவு அமுங்குவது மாதிரி மெத்தென்று தரைவரை இறங்கினார்கள். ஒரு சத்தம் இல்லை. இத்தனை குழந்தைகள் ஆடுகிற அறையில் அவன் தன் இதயம் அடிப்பதைக் கேட்டான்.

அந்த மனிதனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. உலகத்தில் யாரும் தன் குறட்டையைத் தானே கேட்டதில்லை. கேட்கிற நேரத்தில்தான் நாம் இருப்பதில்லையே. மனைவி கல்யாணமான புதிதில் சொன்னபோதுகூட, நானாவது குறட்டையாவது என்று சண்டை பிடித்தவன் அவன். இப்போது அதைக் கண்ணால் பார்க்கிறான். எங்கே ஏறும், எங்கே வெட்டும், எங்கே இறங்கும் எல்லாம் அந்தக் கைகளிலும் தோள்களிலும் இருந்தது. ஒரு நாளில் வருகிற பழக்கமா இது? எத்தனை மத்தியானங்கள் அந்தச் சுவரில் காதை வைத்திருந்தால் இப்படி வரும்? சாத்திய கதவைத்தான் அவர்களுக்குத் தெரியும் என்று நினைத்தானே. கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தவனை மூச்சு மூச்சாகத் தெரிந்து வைத்திருந்தார்கள்.

ஆனால் இறங்கிய பிறகும் ஆட்டம் முடியவில்லை. எல்லாரும் அரைக் குந்தலில் அப்படியே நின்றார்கள், எதற்கோ காத்துக்கொண்டு. அவன் அடுத்த குறட்டையை இழுத்தான். பிள்ளைகள் தடுமாறினார்கள். லவுட்ஸ்பீக்கர் பொத்தென்று உட்கார்ந்தேவிட்டான். விழுந்தவன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். வாத்தியாரம்மா சுவரிலிருந்து காதை எடுத்துவிட்டுப் புருவத்தைச் சுருக்கினாள். பாட்டில் ஏதோ குறைகிறது. அம்மாவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

என்ன குறைகிறது? அடுப்புக்காரனுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. தன் பாட்டே தனக்குத் தெரியவில்லையே. இன்னும் ஆழமாக இழுத்துப் பார்த்தான், இன்னும் வேகமாக விட்டுப் பார்த்தான். ஊகூம். ஒவ்வொரு முறையும் கடைசியில் வந்து நின்றார்கள். அவன் மனைவி மட்டும் கதவுப் பக்கம் கண்ணை ஓட்டினாள். சிரிப்பு வருவதைக் கன்னத்தைக் கடித்து அடக்கிக்கொண்டாள் என்று அவனுக்குத் தோன்றியது.

அப்போது கடுகு நிமிர்ந்தாள். ஆட்டத்திலிருந்து விலகி, சாக்ஸ் காலை இழுத்து இழுத்து, நேராகக் கதவை நோக்கி வந்தாள்.

பின்னால் போய்விடலாமா, கட்டிலில் விழுந்து கண்ணை மூடிக்கொள்ளலாமா என்று அவன் நினைப்பதற்குள் வந்துவிட்டாள். இடுக்கில் முகத்தை வைத்து அண்ணாந்து பார்த்தாள். கண்ணும் கண்ணும் சந்தித்தன. முழித்திருக்கிற அப்பா. சிவந்த கண், கலைந்த தலை. இதோ ஓடப் போகிறாள், போய் அம்மாவின் பின்னால் ஒளியப் போகிறாள் என்று அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அவள் ஓடவில்லை. தோளை நுழைத்து, வயிற்றை எக்கி, இடுக்கு வழியாக உள்ளே வந்துவிட்டாள். வந்து அவன் லுங்கியைப் பிடித்துக் கீழே இழுத்தாள். அவன் குந்தி உட்கார்ந்தான். அவள் அவன் காதோடு வாயை வைத்தாள்.

"அப்பா, அப்படி இல்லப்பா."

"வேற எப்படி?"

கடுகு கண்ணை மூடிக்கொண்டாள். தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டாள். மூக்கைச் சுருக்கி, நெஞ்சு நிறைய இழுத்து, நடுவில் ஒரு சிக்குச் சிக்கி, பெருமூச்சாக விட்டு, கடைசியில் உதட்டைத் தளர்த்தி, 'புர்ர்ர்' என்று ஒரு சின்ன வால் வைத்து முடித்தாள். வாய்க்காலில் கடைசித் தண்ணீர் வடிகிற மாதிரி ஒரு சத்தம். அடுப்புக்காரன் தன் குறட்டையை முதல்முதலாக, தன் மகள் வாயிலிருந்து கேட்டான்.

வெளியே அத்தனை பேரும் ஆடினார்கள். ஏறினார்கள், வெட்டினார்கள், இறங்கினார்கள், அந்தப் புர்ருக்கு அப்படியே ஒரு சுற்றுச் சுற்றி இடுப்பைக் குலுக்கினார்கள். அவன் மனைவியும் குலுக்கினாள். கிரீடம் கண்ணை மறைத்தது, அதை அவள் சட்டை செய்யவில்லை. அடேயப்பா, அதைப் பார்க்க அவனுக்கு இரண்டு கண் போதவில்லை. தூங்குகிற ஒரு மனிதனிடம் இப்படி ஒரு கொண்டாட்டம் இருந்திருக்கிறது, அது அவனுக்கு இத்தனை காலமும் தெரியாது. கண் நிரம்பி, இடுக்கு மங்கலாகிவிட்டது.

"நீ பண்ணு," என்றாள் கடுகு.

அவன் பண்ணினான். வால் சரியாக வரவில்லை. அவள் தன் குட்டி விரல்களால் அவன் கீழுதட்டைப் பிடித்துத் தளர்த்திவிட்டாள். "இப்ப."

இப்போது வந்தது. வெளியே ஒரு சுற்று. கடுகு திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, அவன் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். தானாக ஏறி உட்கார்ந்தாள். யாரும் தூக்கி வைக்கவில்லை.

கட்டிலில் போன் அதிர்ந்தது.

அவன் எட்டி எடுத்தான். மடியில் கனம் இருந்ததால் எழுந்திருக்க முடியவில்லை. போர்வைக்குள் போகவும் முடியவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே, அடக்காத குரலில் பேசினான்.

"சார், நான் அந்த ஊருக்கு வரல. வேற ஆளைப் பாருங்க."

"என்னப்பா இப்படிச் சொல்ற? பகல் வேலை கிடைக்குதேன்னு அவனவன் நாக்கைத் தொங்கப் போட்டுட்டுத் திரியுறான். வீட்டுல அப்படி உனக்கு என்ன வேலை?"

அடுப்புக்காரன் மடியில் இருந்தவளைப் பார்த்தான். அவள் அவன் மீசையில் ஒட்டியிருந்த மாவை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"தூங்கணும் சார்," என்றான்.

மானேஜர் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும்போதே போனை அணைத்துவிட்டான். பாட்டில் இல்லாத குரல் ஒன்று கேட்டுவிட்டதே என்று வெளியே பிள்ளைகள் ஆடவும் தெரியாமல் நிற்கவும் தெரியாமல் விழித்தார்கள். கதவு முழுசாகத் திறந்தது. வாசலில் மனைவி நின்றாள். கிரீடத்தைக் கையில் கழற்றி வைத்திருந்தாள். அவளுக்குப் பின்னால் வாத்தியாரம்மா, அவளுக்குப் பின்னால் லவுட்ஸ்பீக்கர், அவனுக்கு மேலும் கீழுமாக மற்றத் தலைகள்.

"எந்த ஊருக்கு வரல?" என்றாள் மனைவி. அவள் குரல் சரியாக இல்லை. "என்னங்க? எங்க போகப் பார்த்தீங்க?"

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். கன்னத்தில் வழிவதைத் துடைக்கலாம் என்றால் ஒரு கையில் போன், இன்னொரு கையில் பிள்ளை.

கடுகு மடியிலிருந்து இறங்கினாள். அம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள். சுவரில் காதை வைத்து ஆட்டத்தை நடத்த வேண்டிய அக்காவையும் பார்த்தாள். இவ்வளவு பெரியவர்களுக்கு இதைக்கூடச் சொல்லித் தர வேண்டியிருக்கிறதே என்ற அலுப்போடு உதட்டில் விரலை வைத்தாள்.

"அம்மா, சத்தம் போடாத. அப்பா தூங்குறாரு."

சொல்லிவிட்டு, அத்தனை முகங்களுக்கும் முன்னால், இரண்டு கையாலும் கதவைத் தள்ளிச் சாத்தினாள். இருட்டில் தட்டித் தடவி வந்து மறுபடி மடியில் ஏறிக்கொண்டாள். அவன் நெஞ்சில் முதுகைச் சாய்த்து வசதியாக உட்கார்ந்துகொண்டு, அவன் தொடையை ஒரு தட்டுத் தட்டினாள்.

"ம், விடு," என்றாள். "அவங்களுக்குக் கேக்கணும். சத்தமா விடு."